தையல் மேசையும் கொதிக்கிற பானையும்: ரெண்டையும் எப்படி ஓட்டுறீங்க?

நூல்கண்டு:
வணக்கம் மக்களே. இவ்வளவு நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்ப கேக்க ஒண்ணு இருக்கு.

எங்க வீட்டுல சாப்பாட்டு மேசைதான் தையல் மேசை. மெஷினைத் தூக்கி வச்சு, துணியை விரிச்சு, சாக்பீஸைத் தேடி எடுத்து உக்காரும்போது, "தட்டு வைக்கலாமா?"னு குரல் வந்துடும். திரும்ப எல்லாத்தையும் சுருட்டணும். இதுக்கு பயந்தே பாதி நாள் எதையும் எடுக்கறதில்ல. ஒரு ஒட்டுத்துணிப் போர்வை வெட்டின துண்டுகளோட பையிலயே கிடக்கு.

சமைக்கப் பிடிக்காதவ இல்ல நான். ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காந்து சூடா சாப்பிடறது எனக்கு முக்கியம். அதனால "வெளியில வாங்கிக்கோ"ங்கிற யோசனை வேணாம்.

ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, அடுப்படியை ஒட்டின சுவரோரம். கதவு கிடையாது, நடுவுல திறப்புதான். இன்னொண்ணு, வீட்டோட மறுகோடியில சாமான் அடைச்சு வச்சிருக்கற சின்ன அறை. எதைப் பிடிக்கலாம்? அப்புறம், அடுப்புல வச்சுட்டு நிம்மதியா மெஷின்ல உக்கார்ற மாதிரி என்ன சமைக்கலாம்?

அடுப்பங்கரை:
அடுப்படிப் பக்கம்தான். இதுல யோசிக்க என்ன இருக்கு? குக்கர் சத்தம் காதுல விழணும், கருகற வாசனை மூக்குக்கு வரணும்.

ஊசிமுனை:
அந்த வாசனை மூக்கோட நிக்காதே அக்கா, துணியிலயும் ஏறும். தாளிக்கும்போது கிளம்பற எண்ணெய்ப்புகை கண்ணுக்குத் தெரியாம பக்கத்துல இருக்கற எல்லாத்து மேலயும் படியும். அடுப்புக்கு மேல இருக்கற அலமாரியை விரலால தடவிப் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டும். அதே பிசுக்கு மெஷின் மேலயும் வெள்ளைத் துணி மேலயும் உக்காந்தா என்ன ஆகும்? அதுல பஞ்சுத்தூசி வேற ஒட்டிக்கும். நான் மறுகோடி அறைக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

ஆனா நூல்கண்டு, உங்க சிக்கல் எந்த இடம்ங்கறதே இல்லன்னு தோணுது. சுருட்டி வைக்கணும்ங்கறதுதான் சிக்கல். விரிச்சது விரிச்சபடி கிடக்கலாம்னா, பத்து நிமிஷம் கிடைச்சாலும் ஒரு தையல் ஓட்டிட்டு எழுந்திருக்கலாம். மெஷின் உக்கார்ற அளவுக்கு ஒரு குட்டி மேசை போதும். அதை யாரும் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

அறையை ஒழிக்கறப்ப கவனிக்க வேண்டியது: உக்காந்து தைக்கற மேசை 70 முதல் 75 செ.மீ. உயரம் இருந்தா தோள் தூக்காம கை வைக்கலாம். வெட்டறது அதுல வேணாம். வெட்டறதுக்கு நின்னு வேலை செய்யணும், 90 செ.மீ. பக்கம் உயரம் வேணும். குனிஞ்சு வெட்டிட்டு ராத்திரி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு சமைக்கறது நரகம். வெட்ட சமையல் மேடையையே பயன்படுத்தலாம், நல்லாத் துடைச்சுக் காயவிட்டு ஒரு பழைய விரிப்பைப் போட்டுக்கணும்.

விளக்கு: மஞ்சள் பல்பு வெளிச்சத்துல கருநீலமும் கறுப்பும் ஒண்ணாத்தான் தெரியும். வெளிச்சத்தோட நிறத்தைக் கெல்வின்ல சொல்லுவாங்க, 4000 முதல் 5000 கெல்வின்னு அட்டையில போட்டிருக்கறதா பாருங்க. நிறம் காட்டற தரம், சி.ஆர்.ஐ.ன்னு போட்டிருப்பாங்க, அது 90க்கு மேல இருக்கணும். வலது கைக்காரங்கன்னா விளக்கை இடது பக்கம் வைங்க, இல்லன்னா கை நிழல் ஊசி மேலயே விழும்.

அடுப்பங்கரை:
> மறுகோடி அறைக்குத்தான் ஓட்டுப் போடுவேன்

அடுப்புல தீயை வச்சுட்டு வீட்டோட மறுகோடியில போய் மெஷினை கடகடன்னு ஓட்டினா எதுவும் காதுல விழாது. வீட்டுத் தீ விபத்துல பாதிக்கு மேல அடுப்பை எரியவிட்டுட்டு அந்தப் பக்கம் போறதுலதான் ஆரம்பிக்குதுன்னு சொன்னா நான் சண்டைக்கு வர மாட்டேன். துணியில ஏறுற வாசனை துவைச்சா போயிடும்.

ஊசிமுனை:
பாதிங்கற கணக்கு யார் எடுத்ததோ. ஆனா சொல்ற விஷயம் நியாயம்தான். எண்ணெய் காயற நேரத்துல யாரும் நகரக் கூடாது, நான் மறுக்கல. நான் சொல்றது என்னன்னா, எதை அடுப்புல வச்சிருக்கோம்ங்கறதைப் பொறுத்துத்தான் எங்க உக்காரலாம்ங்கறதும்.

கரண்டிக்காரி:
இதோ, நான் பேசற இடம் வந்துடுச்சு.

சமையல்ல நமக்காகக் காத்திருக்கறதும் இருக்கு, காத்திருக்காததும் இருக்கு. முட்டை, மீன், பொரியற எதுவும், கீரை, பாஸ்தா இதெல்லாம் ரெண்டு நிமிஷம் தள்ளிப் போச்சுன்னா வேற பண்டம் ஆயிடும். தைக்கற அன்னைக்கு இந்தப் பக்கமே போகாதீங்க. பருப்பு, கொண்டைக்கடலை, வேர்க்காய்கள் போட்ட சூப், எலும்போட இருக்கற இறைச்சி, அரிசிக் கஞ்சி, இதெல்லாம் பொறுமைசாலிங்க. அரை மணி கூடப் போனா இன்னும் நல்லா இருக்கும்.

இறைச்சி விஷயத்துல ஏன்னு தெரிஞ்சுக்கிட்டா பயம் போயிடும். முரட்டுத் துண்டுல கொலாஜன்னு ஒரு புரதம் இருக்கு, மெல்ல முடியாம இழுக்கறது அதுதான். ஈரத்தோட நிதானமான சூட்டுல நேரம் கொடுத்தா அது ஜெலட்டினா இளகும். குழம்பு உதட்டுல லேசா ஒட்டற மாதிரி வரும்ல, அது அந்த ஜெலட்டின்தான். தளதளன்னு கொதிக்க விட்டா சதை இறுகி நார் நாராப் போகும். அங்கங்க ஒரு குமிழி எழும்பற அளவு தீ போதும்.

இதே மென்மையான கோழி மார்புக்கறித் துண்டை அப்படி வேக வச்சா கட்டைதான். அதுல இளக்க கொலாஜன் அதிகம் இல்ல. அதனால விலை கூடின துண்டை இதுக்கு எடுக்காதீங்க, முரட்டுத் துண்டுதான் இங்க ராஜா.

பிரஷர் குக்கர்ல உள்ளுக்குள்ள 121 டிகிரி வரை போகும், அதனாலதான் பருப்பு அவ்வளவு சீக்கிரம் குழையுது. நேரம் இல்லாத அன்னைக்கு அது. நேரம் இருந்து கவனம் வேற பக்கம் இருக்கற அன்னைக்கு, கனமான அடி உள்ள பானை, இறுக்கமான மூடி, குறைஞ்ச தீ.

நறுக்கறது, தாளிக்கறது, வதக்கறது எல்லாத்தையும் முன்னாடியே ஒரே மூச்சுல முடிச்சுடுங்க. தண்ணி ஊத்தி மூடின பிறகுதான் மெஷின் பக்கம் போகணும்.

ஒற்றை_முடிச்சு:
நான் குரோஷா, அதாவது கொக்கி ஊசியால நூல் பின்னல், போடற ஆள். ஆம்பளை போடறதான்னு கேக்கறவங்க கேட்டுக்கலாம், பின்னல் நல்லா வருது.

சாப்பாட்டுக்குச் சொன்ன கணக்கு கைவேலைக்கும் உண்டு. குரோஷாவை எந்தக் கண்ணியிலயும் நிறுத்தலாம். கொக்கியில இருக்கற ஒரே ஒரு வளையத்துல சேஃப்டி பின்னை மாட்டிட்டா ஒண்ணும் பிரியாது, எழுந்து போய்க் கிளறிட்டு வரலாம். கை எம்ப்ராய்டரியும் அப்படித்தான். துணி வெட்டறது அப்படி இல்ல, பாதியில எழுந்து வந்தா விரிச்ச துணி நகர்ந்திருக்கும், கோடு கோணலாகும். அயர்ன் பாக்ஸ் சூடா இருக்கும்போதும் எழுந்து போகக் கூடாது. அடுப்புல ஒரு சூடு, இங்க ஒரு சூடு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள்ன்னா ஆபத்து.

அதனால எனக்கு ரெண்டு இடம். வெட்டு, தையல், அயர்ன் எல்லாம் கதவு உள்ள அறையில. அடுப்படியில ஒரு ஸ்டூல், அது பக்கத்துல மூடி போட்ட ஒரு கூடை. கூடைக்குள்ள நடந்துக்கிட்டிருக்கற குரோஷா வேலை ஒண்ணே ஒண்ணு. மூடி இருக்கறதால எண்ணெய்ப்புகை உள்ள போகாது. பானை கொதிக்கற நேரம் முழுக்க நான் ஸ்டூல்லதான். நூல்கண்டு, நீங்க எதைப் பிடிக்கலாம்னு கேட்டீங்க. ரெண்டையும் பிடிங்க.

அடுப்படிக்குன்னு பின்னறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாத்திரம் பிடிக்கற துணியை அக்ரிலிக் நூல்ல போடாதீங்க. சூட்டுல அது இளகிக் கையில ஒட்டும். பருத்தி நூல், இல்லன்னா கம்பளி. ரெண்டு அடுக்கா, இடைவெளி விழாத நெருக்கமான கண்ணியில போடுங்க. ஈரத்துணியால சூட்டுப் பாத்திரத்தைப் பிடிக்கவே கூடாது, ஈரம் சூட்டை நேரா கைக்குக் கொண்டுவந்துடும்.

வெள்ளாவி:
இந்த இழையில யாராவது சொல்லுவாங்கன்னு பாத்தேன், யாரும் சொல்லல. அடுப்பையே அணைச்சுட்டு சமைக்கலாமே!

பானையைக் கொதிக்க வச்சு, சூடு வெளிய போகாம பொதிஞ்சு வச்சா, மிச்ச வேலையை அந்தச் சூடே முடிச்சுடும். வைக்கோல் அடைச்ச பெட்டிக்குள்ள பானையை வச்சு சமைக்கற பழக்கம் பழசு. இரண்டாம் உலகப் போர்க் காலத்துல எரிபொருளை மிச்சம் பிடிக்க பிரிட்டன்ல நிறையப் பேர் செஞ்சாங்க. நமக்கு வைக்கோல் வேணாம், தையல் தெரிஞ்சவங்க ஒரு மெத்தைப்பையே தைச்சுக்கலாம். கைவேலையையும் சமையலையும் ஒரே முடிச்சுல கட்டற பொருள் இது, அதனால கொஞ்சம் விலாவாரியா எழுதறேன்.

முதல்ல பானையை முடிவு பண்ணுங்க. ரெண்டு பக்கமும் குட்டிக் காது உள்ளதா, மூடி இறுக்கமா இருக்கணும். நீளக் கைப்பிடின்னா பையைத் துருத்திக்கிட்டு நிக்கும், அந்த இடைவெளி வழியா சூடு ஓடிடும். கொள்ளளவு 4, 5 லிட்டராவது வேணும்.

ரெண்டு பாகம். கீழ்ப்பாகம் பானை இறங்கி உக்கார்ற மாதிரி குழிவா இருக்கற பெரிய மெத்தை. மேல்பாகம் மூடி மேல தொப்பி மாதிரி அமுங்கற வட்ட மெத்தை. எல்லாப் பக்கமும் 8 முதல் 10 செ.மீ. கனம் இருக்கணும். வெளித்துணி கெட்டியான பருத்தி. உள்துணியைத் தனியா, கழட்டித் துவைக்கற மாதிரி தைங்க, குழம்பு ஒரு நாள் சிந்தத்தான் போகுது. பருத்தின்னா தைக்கறதுக்கு முன்னாடியே துவைச்சுக் காயவச்சுடணும். துவைக்காத பருத்தி 3 முதல் 5 சதவீதம் வரைக்கும் சுருங்கலாம். தைச்ச பிறகு சுருங்கினா உள்ளுறை மெத்தைக்குள்ள திரும்ப நுழையாது.

உள்ள என்ன அடைக்கறதுங்கறதுதான் முக்கியம். சூட்டைப் பிடிச்சு வைக்கறது துணிக்குள்ள சிக்கியிருக்கற காத்துதான். வெட்டுத்துண்டுகளைக் கல்லு மாதிரி அமுக்கி அடைச்சா காத்தும் இருக்காது, பலனும் இருக்காது. பழைய கம்பளிப் போர்வையைப் பட்டை பட்டையாக் கிழிச்சு உதறிப் போடுங்க, தூக்கினா பொசுபொசுன்னு இருக்கணும்.

செய்முறை சுருக்கமா: பானையை நல்லாக் கொதிக்க விடுங்க. மூடியைத் திறக்காம அடுப்பை அணைச்சு, மடிச்ச துண்டு மேல இறக்கி உடனே பொதிஞ்சுடுங்க. அரிசிக்கு 5 நிமிஷம் கொதி, ஒரு மணி நேரம் பை. பருப்புக்கு 10 நிமிஷம் கொதி, ரெண்டு மணி நேரம். முரட்டு இறைச்சிக்கு அரை மணி கொதி, மூணு நாலு மணி நேரம். ஆவி வெளிய போகாததால வழக்கத்தைவிடத் தண்ணியைக் குறைக்கணும். நடுவுல "வெந்துச்சா?"ன்னு ஒரு தடவை திறந்தா போச்சு, திரும்ப அடுப்புல வச்சுக் கொதிக்க விட்டுத்தான் உள்ள வைக்கணும்.

தீ இல்ல, கருகாது, அடிப்பிடிக்காது. மறுகோடி அறை என்ன, மாடிக்கே போய் உக்காந்து தைக்கலாம்.

அடுப்பங்கரை:
இது நல்லாருக்கே. ஒத்துக்கறேன்.

பூச்சட்டி:
பாலியஸ்டர் பஞ்சு நிறைய கிடக்கு, அதை அடைக்கலாமா? அப்புறம் ராஜ்மா இதுல வேகுமா?

கண்ணாடிக்குடுவை:
உணவு ஆய்வகத்துல வேலை பாக்கறவ நான். ராஜ்மான்னு பாத்ததும் ஓடி வந்தேன்.

பூச்சட்டி, ராஜ்மால ஃபைட்டோஹீமக்ளுட்டினின்னு ஒரு நஞ்சு இருக்கு. சரியா வேகாத நாலஞ்சு கொட்டையே வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவந்துடும். 5 மணி நேரமாவது ஊறவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத்தண்ணியில தளதளன்னு கொதிக்க வைக்கணும். 100 டிகிரியில 10 நிமிஷத்துல நஞ்சு அழியும். ஆனா பாதுகாப்புக்கு அரை மணி கொதிக்க விடறதுதான் நல்லது. இதுல விபரீதம் என்னன்னா, 80 டிகிரி மாதிரி பாதிச் சூட்டுல வெந்த ராஜ்மா பச்சை ராஜ்மாவைவிட நச்சு கூடினதா ஆகலாம். ஸ்லோ குக்கர்ல நேரா போட்டு வேகவச்சவங்களுக்கு வந்த கேடு அதுதான். அதனால அரை மணி அடுப்புல, மிச்சம் பையில. இல்லன்னா பேசாம பிரஷர் குக்கர்.

வெள்ளாவி எழுதினதுல ஒண்ணு சேத்துக்கறேன். சமைச்ச சாப்பாடு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல அதிக நேரம் கிடக்கக் கூடாது, கிருமி பெருகறது அந்த வெதுவெதுப்புலதான். பை நல்லா அமைஞ்சிருந்தா 60க்கு மேலயே நிக்கும். புதுசா தைச்ச பையை முதல்ல வெறும் கொதிநீர் ஊத்தி சோதிச்சுப் பாருங்க, நாலு மணி நேரம் கழிச்சு சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பாத்தா தெரிஞ்சுடும். பானை முக்கால்வாசியாவது நிறைஞ்சிருக்கணும். அரைப் பானைன்னா சூடு சீக்கிரம் இறங்கிடும்.

சோறு விஷயத்துல இன்னும் கறாரா இருங்க. வேகவச்ச அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட வித்து பிழைச்சிருக்கும். வெதுவெதுன்னு விட்டா அது முளைச்சு நஞ்சைக் கக்கும். பின்னாடி எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது.

பாலியஸ்டர் பஞ்சு கேள்விக்கு: கொதிக்கற பானை 100 டிகிரிதான், அதுக்கு உருகாது, ஆனா துவண்டு அமுங்கிப்போகும். பானையை ஒட்டின அடுக்கு பருத்தியோ கம்பளியோ இருக்கட்டும், பஞ்சு வெளி அடுக்குல போகட்டும். ஓவன்ல இருந்து எடுக்கற தட்டைப் பிடிக்கற துணிக்கு மட்டும் பாலியஸ்டர் கூடவே கூடாது.

சும்மா_வந்தேன்:
நான் பாலிமர் களிமண்ணுல குட்டிக் குட்டியா பழம், காய் செஞ்சு கம்மல் பண்றவன். அப்ப நானும் அடுப்படியில ஒரு ஸ்டூல் போட்டுக்கலாமா?

கண்ணாடிக்குடுவை:
வேண்டாம் சகோ. அது பி.வி.சி. கலந்த பொருள். பாக்கெட்டுல போட்ட சூட்டுக்கு மேல போய்க் கருகினா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். தனி குட்டி ஓவன், தனித் தட்டு, ஜன்னல் திறந்த இடம். களிமண் தொட்ட கத்தியும் உருளையும் திரும்பச் சமையலுக்கு வரக் கூடாது. ரெசின் ஊத்தறவங்களுக்கும், துணிக்குச் சாயம் காய்ச்சறவங்களுக்கும் இதேதான். சாயப் பானை சாயத்துக்கு மட்டும்.

சும்மா_வந்தேன்:
சரி, பால்கனிக்குப் போறேன்.

ஊசிமுனை:
மெத்தைப்பை அருமை. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல ரெண்டு வேலை பாக்கறதைப் பத்தியே பேசறோமே, எனக்கு அதுல ஒரு உறுத்தல். தைக்க உக்காந்தா எனக்கு அடுப்பு நினைப்பே இருக்கக் கூடாது. பாதி மனசு குக்கர்லயும் பாதி மனசு தையல்லயும் இருந்தா கைவேலையும் ஒரு வீட்டு வேலை ஆயிடும். நான் ஒரு நாள் பெரிய பானையில சமைச்சு, பங்கு பிரிச்சு ஃப்ரீசர்ல போட்டுடுவேன். பருப்பும், இறைச்சிக் குழம்பும் நல்லாத் தாங்கும். உருளைக்கிழங்குத் துண்டு மட்டும் வேணாம், உருகினதும் சொரசொரன்னு ஆயிடும். தைக்கற அன்னைக்கு சோறு மட்டும்தான் புதுசு.

கரண்டிக்காரி:
ஊசிமுனை, உங்களுக்கு அது சரி. எனக்கு சூப் வாசனை வீடு முழுக்கப் பரவிக்கிட்டிருக்கும்போது ஊசி பிடிக்கறதுதான் சுகமே. ஃப்ரீசர் டப்பாவுல அந்த வாசனை வராது. பசங்க ஒவ்வொருத்தரா "என்னம்மா இன்னைக்கு?"ன்னு எட்டிப் பாக்கறதும் அந்த வாசனைக்குத்தான்.

ஒற்றை_முடிச்சு:
ரெண்டு பேரும் சரிதான், ஆளுக்கு ஆள் வேறல்லவா. ஆனா ஃப்ரீசர்காரங்ககிட்ட எனக்கு ஒரு பொறாமை உண்டு, அவங்க வீட்டுல முடிஞ்ச போர்வை இருக்கு. எங்க வீட்டுல முக்கால் போர்வைதான் நிறைய.

நூல்கண்டு:
இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. மறுகோடி அறையில பாதியை ஒழிச்சாச்சு. சாமான் எல்லாம் ஒரு பக்கம், மறுபக்கம் மெஷினும் விளக்கும். மூடிக் கூடை யோசனையையும் எடுத்துக்கிட்டேன், அது அடுப்படியில. சுருட்டி வைக்கற வேலை இல்லாததுல மனசு எவ்வளவு லேசா இருக்குன்னு சொல்லி முடியல. போற வர்ற நேரத்துல ஒரு துண்டு தைச்சுட்டுப் போறேன்.

போர்வையை ஓரம் வச்சுட்டு முதல்ல மெத்தைப்பையைத்தான் எடுத்தேன். வெளித்துணி கெட்டி, அதோட உள் அடுக்கும் சேர்ந்து தைக்கும்போது துணிக்கு அடியில நூல் கொத்துக் கொத்தா சிக்குது. கீழ் நூல் பாபினைக் கழட்டிக் கழட்டி மாட்டறேன், சரியாகல.

ஊசிமுனை:
அடியில சிக்கினா கோளாறு பெரும்பாலும் மேல் நூல்லதான் இருக்கும், பாபினை விடுங்க. பிரஷர் ஃபுட்டை, அதான் துணியை அமுக்கிப் பிடிக்கற பாதத்தை, தூக்கி வச்சுட்டு மேல் நூலை முழுசாக் கழட்டி முதல்ல இருந்து கோத்துடுங்க. ஃபுட் கீழ இருக்கும்போது நூலை இறுக்கிப் பிடிக்கற இழுவிசைத் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவுல போய் உக்காராம வெளியவே நிக்கும். அப்புறம் ஊசி. சாதாப் பருத்திக்கு 90/14 சரி, இந்தக் கனத்துக்கு 100/16 போடுங்க. அந்த முதல் எண் ஊசியோட கனம், 100ன்னா ஒரு மில்லிமீட்டர். எட்டு மணி நேரம் தைச்ச ஊசின்னா எப்படியும் மாத்திடுங்க. தையல் நீளம் 3, 3.5 மில்லிமீட்டர் வைங்க.

நூல்கண்டு:
அக்கா, ஃபுட்தான்! தூக்கிட்டுக் கோத்தேன், வெண்ணெய் மாதிரி ஓடுது. கீழ்ப்பாகம் முடிஞ்சது, தொப்பிதான் பாக்கி.

இன்னொரு சந்தேகம். எங்க வீட்டுல நாலு பேருதான், 5 லிட்டர் பானையை முக்கால் நிறைச்சா கண்டிப்பா மிஞ்சும். மிஞ்சினதை அப்படியே பையில வச்சு மறுநாள் காலையில எடுக்கலாமா?

கண்ணாடிக்குடுவை:
கூடாதும்மா. ராத்திரி பூரா அது மெல்ல ஆறி, நான் சொன்ன அந்த வெதுவெதுப்புலயே கிடக்கும். சாப்பிட்டு எழுந்ததும் மிச்சத்தை அகலமான, ஆழம் கம்மியான பாத்திரத்துல ஊத்துங்க, சீக்கிரம் ஆறும். 2 மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ்ல போயிடணும். மறுநாள் எடுத்தா ஓரத்துல மட்டும் கொதிச்சா போதாது, நடுவுலயும் ஆவி பறக்கற அளவு சூடு பண்ணுங்க.